நஞ்சுக்கொடியைத் தருவீர்களா?

வடதாய்லாந்தின் மலையடிவார ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவள் பிலியா. மலையிலிருந்து வரும் மோங் சனங்களின் பேச்சை டாக்டர்களுக்குப் புரியவைப்பதும் அவள்தான்.

அன்று காலை பிரசவ வலியோடு வந்த பாஞ்சுவா, ஆபரேஷன் என்றதும் கட்டிலைவிட்டு இறங்கிவிட்டாள். வயிற்றில் குழந்தையோ குறுக்கே கிடந்தது.

"கத்தின்னா பயம் போல" என்றார் டாக்டர் வரண்யா.

பிலியாவுக்கு அப்படித் தோன்றவில்லை. தலைப்பிரசவத்தில் அவளும் இப்படி இறங்கி ஓடப் பார்த்தவள்தான். பாஞ்சுவாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்கும்னு பயமா தங்கச்சி, இல்ல வேற ஏதாச்சுமா?"

"வலி கெடக்குது போங்கக்கா! நஞ்சுக்கொடியக் குப்பையில வீசிருவாங்களாமே? புள்ளைக்கு அதுதானே மொதச் சட்டை. நாளைக்கு அது கண்ண மூடினா, அந்தச் சட்டை இல்லாம முன்னோருங்ககிட்ட எப்படிப் போய்ச் சேரும்?"

பிலியா அதை டாக்டரிடம் எடுத்துச் சொன்னாள்.

"இவ்வளவுதானா? மூடி போட்ட டப்பாவுல நானே தர்றேன்னு சொல்லுங்கக்கா."

பாஞ்சுவா தானாகவே கட்டிலில் ஏறிப் படுத்தாள். மதியத்துக்குள் பெண் குழந்தை வீறிட்டு அழுதது. மோங் வழக்கப்படி வீட்டுக் கட்டிலடி மண்ணில் புதைப்பதற்காகப் பாஞ்சுவாவின் புருஷன் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"இனிமே மொதல்ல உங்களத்தான் கூப்பிடுவேன்" என்றார் டாக்டர்.

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத பிலியாவுக்கு அப்போதுதான் பசிக்கத் தொடங்கியது.