நாற்பது யானை குடித்த கிணறு

சுள்ளிமேடு எங்கே இருக்கிறது என்று கேட்டால், அவிநாசியிலிருந்து மேட்டுப்பாளையம் போகிற பஸ் எங்கே நிற்காதோ அங்கே என்று சொல்லலாம். வடமேற்கே நீலகிரி தெரியும். அங்கே மழை பெய்வதும் தெரியும். எங்களுக்குக் காற்று மட்டும் வரும். ஊரை ஒட்டி ஒரு பள்ளம் உண்டு; ஐப்பசியில் நாலு நாள் தண்ணீர் ஓடும், மற்ற நாளெல்லாம் ஆடு மேயும்.

பூகோளம்தான் இப்படி, சரித்திரமாவது இருக்கட்டும் என்று அந்தப் பொறுப்பை வெள்ளியங்கிரிக் கவுண்டர் எடுத்துக்கொண்டார். நாலு ஏக்கர் மேட்டுக்காடும் முப்பாட்டன் வெட்டிய கிணறும் அவருக்குச் சொத்து. அந்தக் காலத்தில் மைசூர்ப் படை இந்தப் பக்கம் போனபோது, குதிரைக்காரர் இரண்டு பேர் அந்தக் கிணற்றில் தண்ணீர் குடித்தார்களாம். உப்புக் கரிக்கிறது என்று ஒருவன் துப்பிவிட்டானாம். கவுண்டரின் அப்பா சொன்ன சரித்திரம் அவ்வளவுதான். மகன் வாயில் அது வளர்ந்தது. சந்தைக்குச் சந்தை குதிரைகள் கூடின. துப்பினவன் காணாமல் போனான். என் காதுக்கு வந்து சேர்ந்தபோது யானைகளே வந்திருந்தன.

முப்பத்தைந்தாம் வருஷக் கோடையில் கிணறு வற்றியது. கவுண்டரின் மனைவி தெய்வாத்தாளும் மற்றப் பெண்களும் ஒன்றரை மைல் நடந்து ஆலாங்கரையில் தண்ணீர் எடுத்தார்கள். அந்த ஊரில் ஏற்கெனவே இரண்டு கிணறு. எங்களுக்கு ஒரு சர்க்கார் கிணறு வேண்டுமென்று மனுப் போட்டோம். முதல் கையெழுத்து கவுண்டருடையது.

இடம் பார்க்க ஓவர்சியர் வந்தார். கட்டில் போட்டு உட்காரவைத்து, வீட்டிலிருந்த கடைசிச் சொம்புத் தண்ணீரில் மோர் கரைத்துக் கொடுத்தோம். குடித்தவர் சும்மா இருக்காமல், இது பழைய ஊரா என்று கேட்டுத் தொலைத்தார்.

கவுண்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று நாள் படை தங்கியது, நாற்பது யானை குடித்தும் தண்ணீர் ஒரு படி இறங்கவில்லை என்றார். ஓவர்சியர் எட்டிப் பார்த்தபோது சேறுதான் தெரிந்தது. இந்த வருஷம் மட்டும் கிணறு கொஞ்சம் அசந்திருக்கிறது என்று கவுண்டரே சமாதானமும் சொன்னார். நாங்கள் தலையாட்டினோம். வெளியாள் முன்னால் பெரியவர் பேச்சை மறுப்பது எங்கள் ஊர் வழக்கமில்லை. ஓவர்சியர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார். புதுக் கிணறு ஆலாங்கரைக்குக் கிடைத்தது.

அடுத்த கோடையும் வற்றியது. மறுபடி மனு, வேறொரு ஓவர்சியர். இரண்டு கோடையாகத் தெய்வாத்தாள் இடுப்பில் குடத்தோடு வருவதைப் பார்த்துப் பார்த்துக் கவுண்டருக்கு மனசு தாங்கவில்லை. இந்தத் தடவை ஊர் கூடியிருக்க, பெருமையை விழுங்கிக்கொண்டு சொன்னார்:

"ரெண்டே குதிரைக்காரங்க வந்தாங்க. அதுலயும் ஒருத்தன் துப்பிப்போட்டுப் போயிட்டானுங்க. ஆனையெல்லாம் நான் சேத்துனதுங்க."

ஓவர்சியர் பைலைப் புரட்டினார். நாற்பது யானை என்று தெளிவாக எழுதியிருந்தது. கிணற்றுக்காகச் சரித்திரத்தை மாற்றலாமா என்று கவுண்டரைக் கடிந்துவிட்டு, யானை வந்ததா இல்லையா என்று எங்களிடம் கேட்டார்.

இல்லை என்றால் கவுண்டர் பொய்யர் என்று ஆகிவிடும், அதுவும் வெளியாள் முன்னால். கடைசியில் கவுண்டரின் பக்கத்துக் காட்டுக்காரன் பொங்கியண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்து, "வந்துதுங்க" என்றான். நாங்கள் தலையாட்டினோம். நானும்தான் ஆட்டினேன், இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஓவர்சியர் போன பிறகு, வெறுங்குடத்தோடு நின்றிருந்த தெய்வாத்தாள் புருஷனிடம் வந்தாள்.

"ஏனுங்க, அந்த ஆனைங்க குடிச்சது போக ஒரு கொடம் மிச்சமிருந்தாச் சொல்லுங்க. இன்னைக்கு ஒரு நாளாச்சும் நான் நடக்காம இருந்துக்கறேன்."

கவுண்டர் அவள் கையிலிருந்த குடத்தை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆலாங்கரைப் பக்கம் நடந்தார். நாங்கள் எழுந்து நின்று வழிவிட்டோம், மரியாதையாக.