மூடி இல்லாத எண்ணெய் டிரம்

பிள்ளைகளே, அன்றைக்கு வீட்டுக்குள் வந்ததும் நீங்கள் இரண்டு பேரும் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "ஏன்ப்பா ரோட்டுல நின்னு அப்படிக் கத்துனீங்க?" நான் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் மறுபடியும் கத்திவிடுவேனோ என்று பயம். எழுதினால் அந்தப் பயம் இல்லை, அதனால் எழுதுகிறேன். கோபம் ஆறிவிட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள்.

உங்களுக்குத் தெரியும், நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். நம் தீவின் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்துப் படகுப் பட்டறையில் வெல்டிங் வேலை. மேடையேறிப் பேசத் தெரியாது. ஆனால் நாம் இருக்கும் டாலிகஞ்சில், நம் சந்து ஹாலில் எண்ணெய் சேகரிக்கும் கம்பெனிக்காரர்கள் கூட்டம் போட்டு, "வறுத்த எண்ணெயை வாய்க்காலில் ஊற்றாதீர்கள், எங்களிடம் கொடுங்கள், கப்பலில் மெயின்லாண்டுக்கு அனுப்பி டீசலாக்குவோம்" என்று சொன்னபோது எனக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. நம் வீட்டு விளக்கு எரிவதே கப்பலில் வரும் டீசலால்தானே? இங்கிருந்து திரும்பும் கப்பலில் நம் அடுப்பிலிருந்து கொஞ்சம் டீசல் போகட்டுமே என்று தோன்றியது. சந்துக்கு ஒரு ஆள் பொறுப்பெடுக்க வேண்டும் என்றார்கள். கையைத் தூக்கினேன்.

பதிலுக்கு அவர்கள் எதுவும் தருவதில்லை. அதிகமாக எண்ணெய் கொடுக்கும் சந்துக்கு ஒரு பாராட்டு போர்டு மாட்டுவார்களாம், அவ்வளவுதான். அந்த போர்டுக்காக வீடு வீடாகப் போய்ச் சொன்னது நீ, மகளே. எதிர் வீட்டு வங்காளி அம்மாவிடம் உன் பள்ளிக்கூடத்து இந்தியில் நீ விளக்கிய பிறகுதான் அவர் கடுகெண்ணெயைத் தனி பாட்டிலில் ஊற்றி வைக்க ஆரம்பித்தார்.

உங்கள் அம்மாவைத்தான் இணங்க வைக்க முடியவில்லை.

"மீன் பொரிச்ச எண்ணெயில நாளைக்குக் குழம்பு தாளிக்கலாம்லா? அதக் கொண்டுபோயி லாரிக்கு ஊத்தணுமாக்கும்?"

"கறுத்த எண்ணெய் நெஞ்சுக்கு ஆகாதுன்னு சொல்றாங்க."

"இத்தன வருசமா தின்னுட்டுதான இந்தப் பேச்சு பேசுதீய. நெஞ்சு நல்லாத்தான வேல செய்யுது!"

தூத்துக்குடிக்காரி வாயை நான் அடைக்க முடியுமா? ஆனால் ஒப்புக்கொண்ட பிறகு அவள் செய்த வேலையை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். எண்ணெய் ஆறும்வரை காத்திருந்து, பழைய வேட்டித் துணியை இரட்டையாக மடித்து, மீன் செதில், மிளகாய்த் தூள் எதுவும் விழாமல் வடிகட்டி, நன்றாகக் காய்ந்த பாட்டிலில்தான் ஊற்றுவாள். ஈர பாட்டிலை நான் நீட்டினால் கையில் ஒரு அடி விழும். வாங்கும் ஆட்களே அவ்வளவு சுத்தம் கேட்கவில்லை.

அவர்கள் முதலில் வைத்துவிட்டுப் போன டிரம்முக்கு மூடி இருந்தது. அது நிறைந்ததும் எடுத்துக்கொண்டு வேறொரு காலி டிரம்மை இறக்கினார்கள். அதற்கு மூடி இல்லை. கேட்டேன். "டக்கன் அடுத்த ட்ரிப்ல வரும் பையா" என்றான் லாரிக்காரன். இந்தத் தீவில் வராத எல்லாப் பொருளும் அடுத்த ட்ரிப்பில்தான் வரும். நாங்கள் டிரம்மின் வாயில் பிளாஸ்டிக் தாளைக் கட்டி, ஹால் வராந்தாவில் மழை படாத இடமாகப் பார்த்து வைத்தோம். மூடி வரவே இல்லை.

இந்த வருடம் வெயில் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. குழாயில் தண்ணீர் வரும் நாளுக்காக ஊரே காத்துக்கிடந்தது. அப்படிப்பட்ட சமயத்தில் முதல் மழை இறங்கினால் இங்கே யாரும் துணி எடுக்க ஓடுவதில்லை. வாளி, அண்டா, டிரம் என்று வாய் திறந்த எதுவானாலும் தகரக் கூரையின் விளிம்புக்குக் கீழே கொண்டுபோய் வைப்பார்கள். தன் வீட்டுப் பாத்திரமா, அடுத்தவன் பாத்திரமா என்று பார்ப்பதில்லை. ஆள் இல்லாத வீட்டு வாளியைக்கூட நகர்த்தி வைத்துவிட்டுப் போவார்கள். நம் ஊரின் மரியாதை அது.

ஹாலுக்குப் பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பெரியவர், கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அந்த மரியாதையைத்தான் செய்தார். நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்த மதியத்தில் மழை பிடித்தது. வராந்தாவில் ஒரு டிரம் சும்மா நிற்கிறது என்று நினைத்து, பிளாஸ்டிக்கை அவிழ்த்து, கூரை விளிம்புக்குக் கீழே உருட்டாமல் அசைத்து அசைத்து நகர்த்தி வைத்திருக்கிறார். கனமாக இருந்ததே என்று கேட்டதற்கு, "கொஞ்சம் பானி முன்னாடியே இருக்குன்னு நெனச்சேன்" என்றார். கொட்டுகிற மழையில் யார் டிரம்முக்குள் எட்டிப் பார்ப்பார்கள்?

மறுநாள் காலையில் அவரே முதல் ஆளாகக் குளிக்கப் போய், பிளாஸ்டிக் மக்கில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். அவர் போட்ட கூச்சலில் சந்தே கூடியது. உடம்பெல்லாம் எண்ணெய் மினுமினுக்க நின்றுகொண்டு, "அரே, இது பானி இல்ல பாபு, தேல்! மீன் நாத்தம்!" என்றார். வங்காளி அம்மா, "மீன் இல்ல, என்னோட கடுகெண்ணெய் வாசம், வாங்க, பொரிச்சு எடுத்துடறேன்" என்றார். நீங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நானும்தான் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் லாரி வந்துவிட்டது.

லாரியோடு வந்த சூப்பர்வைசர் மெயின்லாண்டு தமிழர். குச்சியை டிரம்மில் விட்டுப் பார்த்தார். முகம் மாறியது.

"என்னண்ணே இது? முக்காவாசி தண்ணி. போர்டு வேணும்னா இப்படியா?"

நான் நடந்ததைச் சொன்னேன். பெரியவரும் தலையில் எண்ணெய் சொட்டச் சொட்ட முன்னால் வந்து, "நான்தான் வெச்சேன் சாப், மழைக்கு வெச்சேன்" என்றார். சூப்பர்வைசர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லா ரிகர்சல் பண்ணியிருக்கீங்க தாத்தா."

அவர் வயசென்ன, இந்த ஆள் வயசென்ன? அங்கேயே எனக்குக் காது சூடாகிவிட்டது. உங்கள் அம்மா முந்திக்கொண்டாள்.

"ஏன் சார், நான் என்ன தண்ணி ஊத்தி விக்க பால்காரியா? சும்மா குடுக்க பொருள்ல எவளாவது கலப்படம் பண்ணுவாளா? அப்படியே ஒரு பக்கமா நிக்க விடுங்க, தண்ணி அடியில போயிரும், எண்ணெய் மேல நிக்கும்."

"அதெல்லாம் எங்களுக்கு டைம் இல்ல மேடம். கப்பல்ல ஏத்துற சரக்கு."

"மூடி எங்க?" என்றேன் நான்.

"மூடிய விடுங்கண்ணே."

"எப்படி விடுறது? மூடி குடுத்திருந்தா மழை எப்படி உள்ள வரும்?"

"மழையோ நீங்களோ, எனக்குத் தண்ணி தண்ணிதான்."

"அப்போ மழைத் தண்ணின்னு சொல்லுங்க! எங்க வீட்டுப் பொம்பளைங்க ஏமாத்துனாங்கன்னு ஏன் சொல்றீங்க?"

அவர் கப்பல் துறையில் பெட்டிகளின் மேல் குறி போடும் மஞ்சள் மெழுகுக் குச்சியை லாரிக்காரனிடம் வாங்கி, டிரம்மின் வயிற்றில் இந்தியில் பெரிது பெரிதாக எழுதினார். எனக்கு இந்தி பேச வரும், படிப்பது மெதுவாகத்தான். நான் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே நீ சத்தமாகப் படித்தாய், மகளே. "தண்ணி கலந்திருக்காங்க. எடுக்காதீங்க." படித்துவிட்டு நீ திரும்பிப் பார்த்தது என் முகத்தை இல்லை. அம்மாவின் முகத்தை.

அப்போதுதான் கத்தினேன். என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. நல்ல வார்த்தைகள் இல்லை என்பது தெரியும். அந்த வார்த்தைகளை நீங்கள் பழக வேண்டாம். ஆனால் கத்தியதற்காக நான் வருத்தப்படுவேன் என்று காத்திருக்கவும் வேண்டாம். மூடி தராதவன் அவன். மழை பெய்தது வானம். திருட்டுப் பட்டம் மட்டும் வேட்டித் துணியில் வடிகட்டியவளுக்கா? தப்புச் செய்த கிழவர் ஒளியாமல் வந்து ஒப்புக்கொண்டாரே, தன் தப்பை ஒப்புக்கொள்ள இந்த ஆளுக்கு வாய் வரவில்லையே! லாரி போய்விட்டது. டிரம் நின்றது.

ரேஷன் கடைக்குப் போகிற எல்லோரும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். எல்லோரும் படித்தார்கள். அடுத்த சந்துப் பையன்கள் உன்னைப் பார்த்து, மகனே, "ஏ பானிவாலா" என்று கூப்பிட்டதை நீ என்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னாய். வங்காளி அம்மா என் கண் முன்னாலேயே தன் பாட்டிலை வாய்க்காலில் கவிழ்த்தார். "பையா, இனிமே என்கிட்ட கேக்காதீங்க. திருடின்னு பேரு வாங்கி எனக்குப் பழக்கம் இல்ல."  கடலை நோக்கி ஓடுகிற அந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த சூப்பர்வைசருக்கு போன் செய்தேன். "அடுத்த ட்ரிப்ல பாக்கலாம்ணே" என்று வைத்துவிட்டார்.

 அந்த வாரம் உங்கள் அம்மா மீன் பொரித்த அன்று நான் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தேன். வேட்டித் துணி மடிப்புக் கலையாமல் பாட்டிலின் வாயில் கிடந்தது. வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

பட்டறையில் கழிவுத் தகடு ஒன்றை வட்டமாக வெட்டி, விளிம்பை மடித்துத் தட்டி ஒரு மூடி செய்தேன். டிரம்மில் தண்ணீர் அடியில் தங்கியிருந்தது. அம்மா சொன்னபடிதான். ஹோஸ் பைப்பை அடிவரை விட்டுத் தண்ணீரை மட்டும் உறிஞ்சி வெளியே விட்டேன். எண்ணெய் நின்றது. எழுத்தும் நின்றது. சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்தால் மெழுகு மேலும் பளபளத்தது. கடல் தண்ணீருக்கும் மழைக்கும் அழியாமல் இருக்கத்தானே அந்தக் குச்சியைச் செய்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அம்மாவோடு கோவிலுக்குப் போனீர்கள். எனக்குத் தலைவலி என்று சொன்னேன். உண்மையில் தலைவலி இல்லை. அடுப்படித் திண்டுக்குக் கீழே இருந்த அம்மாவின் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். சந்தில் ஆள் நடமாட்டம் இல்லை. துணியில் அந்த எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றி முதல் எழுத்தின் மேல் வைத்துத் தேய்த்தேன். மெழுகு இளகி மஞ்சள் குழம்பாகத் துணியில் வந்தது. கடைசி எழுத்து போகும்வரை தேய்த்தேன். பிறகு பாட்டிலில் மீதி இருந்ததை டிரம்மில் ஊற்றி, மூடியைப் போட்டு, உள்ளங்கையால் சுற்றிலும் தட்டி இறுக்கினேன்.