சந்திரகிரி வளைவும் நான்கு டயர்களும்

என் மனைவி எங்கள் காரை விட்டு இறங்கிப் போனது ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சந்திரகிரியை ஒட்டிய வளைவில். திருப்பதியில் முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்ட அவளுடைய அக்காவைப் பார்த்துவிட்டுச் சித்தூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கடலில் புயல் சின்னம் என்று சொல்லியிருந்தார்கள், நல்ல மழை. முன்னால் போன கரும்பு டிராக்டர் சட்டென்று நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். பிரேக் தன் வேலையைச் செய்தது, சக்கரங்கள் நின்றன, கார் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அரைவட்டம் அடித்து, வந்த வழியைப் பார்த்தபடி ரோட்டோரம் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டிராக்டர்காரர் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மனைவி கொஞ்ச நேரம் டாஷ்போர்டில் இரண்டு கைகளையும் ஊன்றியபடி இருந்தாள். பிறகு குடையை எடுத்தாள், டிபன் கேரியரை எடுத்தாள், கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். பின்னால் வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள். நான் காரைத் திருப்பி அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே சித்தூர் வரை வந்தேன். கடைசி சீட்டின் கண்ணாடியில் அவள் பின்னந்தலை தெரிந்துகொண்டிருந்தது. அது ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: “இனிமே அந்தக் கார்ல நான் ஏற மாட்டேங்க. நீங்க வெச்சி ஓட்டிக்கினு இருங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். பால்காரருக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். எங்கள் மாநிலத்தில் இப்போது பெண்களுக்கு பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, ஆகவே செலவைச் சொல்லி மிரட்டவும் வழியில்லை. அடுத்த சனிக்கிழமை முதல் அவள் பஸ்ஸில் போனாள், பஸ்ஸில் வந்தாள்.

இதில் என் நஷ்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் நாங்கள் அதிகம் பேசுவதில்லை. அவளுக்கு ஒரு போன், எனக்கு ஒரு போன். பேச்செல்லாம் காரில்தான். அக்காவின் மருமகள் சரியில்லை என்பது, சபைப் பாடகர் குழுவில் யார் சுதி விலகிப் பாடினார்கள் என்பது, மகன் பெங்களூரிலிருந்து ஏன் போன் செய்வதில்லை என்பது, எல்லாம் சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவில் பேசித் தீர்த்ததுதான். அந்த முன் சீட்டு காலியாக இருப்பது எனக்குத் தாங்கவில்லை. கார் பழையது, பெயிண்ட் போனது, ஏ.சி. நினைத்தால் வேலை செய்யும். அதையெல்லாம் தாங்கிக்கொண்டிருந்தேன்.

குற்றம் டயர்களுடையது என்று முடிவு செய்தேன். நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார், உராய்வு என் பாடம். குனிந்து பார்த்தேன். நான்கும் மொட்டை. திருப்பதி ரோட்டில் மொட்டையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை.

ஆசிரியர் அறையில் யோசனை கேட்டது தப்பாகப் போயிற்று. கெமிஸ்ட்ரி வாத்தியார், அகலமான டயர் போட்டால் கார் ரோட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடும் என்றார். தெலுங்கு வாத்தியார், டயரை விடு, காரை மாற்று என்றார். பி.டி. வாத்தியார், பிரேக்கையே மிதிக்காமல் ஓட்டுவதுதான் ஓட்டுவது என்றார். இவர்கள் மூவரிடமும் கார் கிடையாது.

திருப்பதியில் பைபாஸ் ரோட்டில் ஒரு டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் புத்தூர்ப் பக்கத்துத் தமிழர். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்து மொழியைத் தேர்ந்துகொள்வார். என் முகத்துக்குத் தமிழையும் தெலுங்கையும் கலந்தார்.

“இது ஆல் சீசன் சார். எல்லா சீசனுக்கும் செட்டாவும்.”

நம் ஊரில் எத்தனை சீசன் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார்.

“வெயிலு. அப்பறம் ஜாஸ்தி வெயிலு. புயல் வந்தா மழை. அந்தே சார், அவ்ளோதான்.”

“பனிக்குக்கூட நல்லதுன்னு எழுதியிருக்குதே?”

“பலமனேர் மலைக்குப் போறப்போ உதவும் சார்.”

நம்பிக்கையான முகம். வாங்கினேன். மாட்டி, காற்றடித்து, அலைன்மென்ட் பார்த்து முடித்ததும், நான்கு சக்கரத்தின் கீழும் ஒவ்வொரு எலுமிச்சம்பழத்தை வைத்தார். நாங்கள் கிறிஸ்தவர்கள், அதெல்லாம் செய்வதில்லை என்றேன்.

“இது டயருக்கு சார். உங்களுக்கு இல்ல.”

பழங்களின் மேல் காரை ஏற்றி நசுக்கினேன். பழைய டயர்களை எடுத்துக்கொண்டு ஏதோ தருகிறேன் என்றார். அவ்வளவு குறைந்த தொகையை என் முகத்தைப் பார்த்து அவர் சொன்னதே அதிகம். வேண்டாம் என்று நான்கையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டுப் பின்புறம் அடுக்கினேன்.

மனைவி வெளியே வந்து புது டயர்களைப் பார்த்தாள். விரலால் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள்.

“எலுமிச்சம்பழ வாசன வருது.”

“ஆல் சீசன்” என்றேன்.

“மழையில ஓட்டிப் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. “பாருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

டயர் மாற்றிய அன்றோடு மழை நின்றது. வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது. நான் கார் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மழைக்குக் காத்திருந்தேன். பலமனேரில் தூறல் என்று கேள்விப்பட்டு மலையேறிப் போனேன். அங்கே குளிர் இருந்தது, மழை இல்லை. தக்காளி வாங்கிக்கொண்டு இறங்கினேன். வடமாலபேட்டையிலிருக்கும் என் தம்பி போன் செய்து, “ண்ணா, இங்க ஊத்துது, ஒடனே வா” என்றான். வேலை நாளில் பொய் சொல்லிவிட்டுப் போனேன். போய்ச் சேர்ந்தபோது ரோடு உலர்ந்து, அதன் மேல் நெல் கொட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒருநாள் சித்தூர் எல்லையில் தண்ணீர் லாரி ஒன்று ஒழுகிக்கொண்டே போனது. அதன் பின்னால் போய், நனைந்த ரோட்டில் பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தேன். கார் மிதித்த இடத்திலேயே நின்றது. லாரிக்காரர் இறங்கி வந்து, என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம், சந்தோஷம் என்றேன்.

இதை மனைவியிடம் சொன்னேன். “லாரித் தண்ணி மழை ஆவுமா?” என்றாள்.

இதற்கிடையில் அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் சபை மிஷன் காலத்துச் சபை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் மைதானத்தில் ஏலம் நடக்கும். நிலம் உள்ளவர்கள் நெல்லும் கரும்பும் பூசணியும் கொண்டுவருவார்கள், இல்லாதவர்கள் கேக், முட்டை, சேவல். கொண்டுவந்ததை ஏலத்தில் எங்களில் ஒருவரே எடுப்பார். பணம் சபைக்கு. நாங்கள் வழக்கமாக முட்டை கொடுப்போம். அந்த வருடம் மனைவி அக்கா வீட்டில் இருந்ததால் முட்டையை நான் மறந்துவிட்டேன். காலையில் பின்புறம் போய்ப் பார்த்தேன். அந்த வருடம் கர்த்தர் எங்களுக்குக் கொடுத்தவற்றில் கைவசம் இருந்தது அந்த நான்கு டயர்கள்தான். ஏற்றிக்கொண்டு போனேன்.

சபைச் செயலர் அவற்றைப் பூசணிக்காய்க்கும் ஒரு வெள்ளைச் சேவலுக்கும் நடுவில் வைத்தார். போதகர் வழக்கம்போல எல்லாவற்றின் மேலும் கைநீட்டி, நிலத்தின் பலனுக்காக நன்றி சொல்லி ஜெபித்தார். டயர்கள் வந்த இடத்தில் மட்டும் அவர் கண் கொஞ்சம் திறந்ததாக எனக்குத் தோன்றியது.

ஏலம் தொடங்கியது. பாலசமுத்திரத்திலிருந்து வரும் ஓர் இளைஞன் டயர்களைக் கேட்டான். அண்மையில்தான் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி, இடுப்பில் கைக்குழந்தை. போட்டிக்கு யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் அவனுக்கு மேல் விலை கேட்டது. நான் திரும்பிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. என் மனைவி, அக்கா வீட்டிலிருந்து பஸ்ஸில் நேராக ஆராதனைக்கு வந்திருக்கிறாள்.

அவன் ஏற்றினான். அவளும் ஏற்றினாள். ஜனங்கள் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவர் என் தோளைத் தட்டி, “இன்னா சார், உங்க டயர உங்க வூட்லயே கேக்குறாங்க?” என்றார். மானம் போய்க்கொண்டிருந்தது. நான் பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவன் விட்டுவிட்டான். அவள் தன் பர்ஸிலிருந்து பணத்தை எடுத்துச் செயலரிடம் கொடுத்துவிட்டு, நேராக அந்தத் தம்பதியிடம் போனாள்.

“தம்பி, இந்த டயர்ல நாங்க மழையில சுத்தி நின்னோம். சந்திரகிரிகிட்ட. ஏதோ கர்த்தர் காப்பாத்துனாரு.” பிறகு அந்தப் பெண்ணிடம், “முன்னாடி சீட்ல கொழந்தைய வெச்சிக்கினு நீதான் உக்காருவ. நான் உக்காந்தேன், அதனால சொல்றேன். இத்தவிட மோசமா இருக்குதா உங்க வண்டியில இருக்கறது?”

அந்தப் பெண் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அவன் டயர் மாற்றிவிடுவான்.

சபை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வெட்கம்தான் வந்தது, அதற்கும் மேலே வேறு ஒன்று வந்தது. வளைவில் டாஷ்போர்டில் ஊன்றிய அந்த இரண்டு கைகளை நான் இப்போதுதான் பார்க்கிறேன் என்று தோன்றியது.

“இத ஏத்துங்க” என்றாள். திருப்பதி போகும் வழியில் பழைய டயர்களை அறுத்து மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி செய்கிறவர் ஒருவர் உண்டு. அவரிடம் போட்டுவிடுகிறேன் என்றேன்.

“நீங்க போடுவீங்க. அடுத்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு யாருக்குனா குடுப்பீங்க. அறுக்கறத நான் கண்ணால பாக்கணும்.”

இரண்டு டிக்கியில், இரண்டு பின் சீட்டில். மிச்சமிருந்தது முன் சீட்டு. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்து, பெல்ட் போட்டுக்கொண்டு, கதவுக்கு மேலிருந்த பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

சித்தூரைத் தாண்டினோம். நான் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக ஓட்டியதில்லை. சைக்கிள்காரர் ஒருவர் எங்களை முந்திக்கொண்டு போனார். சந்திரகிரி வளைவு வந்தது. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, ரோட்டில் ஒரு சொட்டு ஈரமில்லை. வளைவு முடிந்தது. அவள் பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“பஸ்ஸே இத்தவிட வேகமா போவும்” என்றாள்.