பாலத்தில் அறுந்த செயின்

சைக்கிள் செயின் திடீரென்று அறுந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை. எந்தச் செயினும் திடீரென்று அறுவதில்லை. மாதக்கணக்கில் கரகரவென்று முனகும். மிதிக்கும்போது ஒரு பல்லைத் தாண்டி டக்கென்று குதிக்கும். தொளதொளவென்று தொங்கி, கவரில் இடித்துக்கொண்டே வரும். இத்தனையையும் கேட்டுக்கொண்டு நாம் மேலே மிதித்துக்கொண்டிருப்போம். அறுந்த பிறகு மட்டும் திடீர் என்போம்.

என் செயினும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

எனக்குப் பிறந்த ஊர் துறையூர்ப் பக்கம். ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தபோது கட்டில், பீரோவோடு என் லேடீஸ் சைக்கிளும் வேனில் வந்து இறங்கியது. மாமியார் கட்டிலைத் தட்டிப் பார்த்தார், பீரோவைத் திறந்து பார்த்தார். சைக்கிளைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு?" என்றார். எதற்கு என்று எனக்குத் தெரியும். தினமும் காலையில் அதை எடுத்துக்கொண்டு மாம்பழச்சாலை வழியாகப் பாலம் ஏறி, காவிரியைத் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போவேன். ரிசப்ஷன் வேலை. பெயர் கூப்பிடுவது, வயிறு முட்டத் தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்பது, அவ்வளவுதான். ஆனால் ஒருநாளில் நான் கேள்வி கேட்டு மற்றவர்கள் பதில் சொல்லும் நேரம் அது ஒன்றுதான். என் கணவரின் செல்போன் கடை எதிர்த்திசையில் இருந்தது, அவர் பைக்கில் கொண்டுவிட மாட்டார். பஸ்ஸில் போனால் ஏன் தாமதம், யார் பக்கத்தில் உட்கார்ந்தது என்று வீட்டில் விசாரணை நடக்கும். சைக்கிள் இருக்கும்வரைதான் அந்த வேலை இருக்கும். இது எனக்குத் தெரிந்த அளவு மாமியாருக்கும் தெரியும்.

அவர் எதையும் வீணாக்க மாட்டார், மருமகளைத் தவிர. அமாவாசைக்கு வடை சுட்டு, மறுநாள் அதே எண்ணெயில் அப்பளம் பொரித்து, அது கறுத்துக் கசண்டாகிப் போன பிறகும் கொட்ட மனசு வராது. ஒரு டம்ளரில் எடுத்து வந்து என் சைக்கிளின் செயின் கவரில் இருக்கும் ஓட்டை வழியாக ஊற்றிவிடுவார்.

"அத்தை, அதுக்கு மெஷின் எண்ணெய்னு தனியா இருக்கு. இத ஊத்தாதீங்க."

"இரும்புக்கு எல்லா எண்ணெயும் ஒண்ணுதான். அதுக்கு என்ன ருசியா தெரியப்போவுது?"

நான் குளிக்கப் போகும் நேரம் பார்த்து ஊற்றுவார். என் சுடிதாரின் கால்பக்கம் வடை வாசனை அடிக்கும். எங்கள் அடையவளைஞ்சான் வீதி நாய்கள் கொஞ்ச தூரம் பின்னாலேயே வரும். கணவரிடம் சொன்னேன். "அம்மா உனக்கு நல்லதுதானே செய்யிறாங்க" என்றார். அவருடைய பைக்குக்கு அவர் அம்மா அந்த நல்லதை ஒருநாளும் செய்ததில்லை.

ஒருநாள் செயின் கழன்றது. தெருமுனையில் இருந்த கடைக்காரன் போனில் பேசிக்கொண்டே, செயினின் இரண்டு முனையையும் இணைக்கும் லாக்கைப் புதிதாகப் போட்டு மாட்டிக் கொடுத்தான். செயின் ரொம்ப டைட்டாக இருக்கிறதே என்றேன். "லேடீஸ் சைக்கிளுக்கு இது போதும், ஓட்டுங்க" என்றான். லேடீஸுக்கு எது போதும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

அடுத்த வாரம் பாலத்துக்கு ஏறும் மேட்டில், பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்து நெருக்கியபோது, நான் சீட்டிலிருந்து எழுந்து முழு எடையையும் போட்டு மிதித்தேன். பெடல் வெறுமையாகக் கீழே போனது. முதலில் ஹேண்டில்பாரிலும் பிறகு தார்ரோட்டிலும் என் வலது முட்டி இடித்தது. உள்ளே ஏதோ உடைந்ததை நான் காதால் கேட்டேன்.

பூ விற்கப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாள் என்னை இழுத்து ஓரமாக உட்காரவைத்தார். யாரோ தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். நான் வீட்டுக்குப் போன் செய்தேன். கணவர் குளித்துக்கொண்டிருந்ததால் மாமியார் எடுத்தார்.

"அத்தை, பாலத்துல செயின் அறுந்துடுச்சு. கீழ விழுந்துட்டேன், எந்திரிக்க முடியல. அவர உடனே வரச் சொல்லுங்க."

"ஐயையோ. தாலி இருக்கா, அதுவும் போச்சா?"

பஸ்களின் இரைச்சலில் அவர் கேட்டது எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. என்ன அத்தை என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். திரும்ப அடித்தால் பிஸி, மறுபடி அடித்தாலும் பிஸி. உறவுக்காரர்களுக்கெல்லாம் சேதி சொல்லிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. கணவரின் போனோ அடித்து அடித்து நின்றது.

வீட்டிலிருந்து பாலத்துக்குப் பைக்கில் வர எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு காபி ஆறுகிற நேரம். என் முட்டி வீங்கிச் சுடிதார் துணியை இறுக்கிப் பிடிக்கும்வரை ஒருவரும் வரவில்லை. பூக்கார அம்மாள் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணவா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் வந்துகொண்டிருக்கிறார் என்று பெருமையாகச் சொல்லி மறுத்துவிட்டேன். போகும்போது அவர், "கழுத்துல செயின் வெளிய தெரியுது, உள்ள போட்டுக்கம்மா. காலம் கெட்டுக் கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

கடைசியில் கணவர் வந்தார். பின்னாலேயே இன்னொரு பைக்கில் ஒரு போலீஸ்காரர். செயின் அறுத்தவனை உடனே விரட்டினால்தான் பிடிக்கலாம் என்று மாமியார் அனுப்பி, நேராக ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் என் காலைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தார். என் அம்மா வீட்டில் போட்ட தாலிச் செயின் அங்கே பத்திரமாக இருந்தது.

"என்னம்மா, செயின் இருக்கே?" என்றார் போலீஸ்காரர்.

"சைக்கிள் செயின் சார்" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. சிரிக்காதவர் என் கணவர் ஒருவர்தான். குனிந்து என் காதருகில் வந்து, "மானத்த வாங்கிட்டியேடி. சைக்கிள் செயின்னு முழுசா சொல்றதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்றார். பிறகுதான் ஆட்டோ கூப்பிட்டார்.

முட்டிச் சில்லு உடைந்திருந்தது. ஆபரேஷன் வேண்டாம், ஆனால் கட்டுப் பிரித்த உடனே தினமும் பிசியோதெரபிக்கு வந்து முட்டியை மடக்கிப் பழக வேண்டும், விட்டுவிட்டால் இறுகிவிடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். ஸ்கேன் சென்டரில் கொஞ்ச நாள் பொறுப்பதாகச் சொன்னார்கள். முட்டி மடங்கினால் பெடல் சுற்றும், பெடல் சுற்றினால் வேலை நிலைக்கும். எனக்கு வேறு எந்த யோசனையும் இல்லை.

கட்டோடு வீட்டுக்கு வந்த அன்று மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் கழுத்துச் செயினை விரலால் தூக்கி, கொக்கியைப் பார்த்து, திரும்ப விட்டார்.

"போன் வந்ததுமே சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன். செயின் திரும்பக் கழுத்துக்கு வந்துட்டா மருமக முடி இறக்குறேன் தாயேன்னு. கேட்ட மாத்திரத்துல குடுத்துட்டா பாரு."

எனக்கு வலி மறந்துபோனது. "செயின் எங்க அத்தை போச்சு, திரும்பி வர்றதுக்கு?"

"அது உனக்குத் தெரியும். வேண்டிக்கிட்டப்ப எனக்குத் தெரியாதுல்ல?"

"சரி, உங்க முடிய வேண்டிக்கிட்டிருக்கலாமே."

"செயின் யாரு கழுத்துல இருந்துச்சு?"

கணவரைப் பார்த்தேன். "முடிதானே, வளந்துடும்" என்றார். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி அது. இத்தனை வருஷம் வளர்த்தவள் நான், நேர்ந்துவிட்டவர் மாமியார்.

கட்டுப் பிரித்தார்கள். பிசியோதெரபிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். சாமி கடனை முடிக்காமல் எந்த வைத்தியம் பார்த்தாலும் பலிக்காது, முதலில் சமயபுரம் என்றார் மாமியார். நல்ல நாள் பார்த்தார்கள். அந்த நாளுக்கு முன்னால் ஜீயபுரத்தில் ஒரு பங்காளி செத்துப்போனார். தீட்டு, கோயிலுக்குப் போகக் கூடாது. அவர் முகத்தை நான் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை, ஆனால் அவர் கருமாதி முடியும்வரை என் முட்டி காத்திருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. நானே சுவரைப் பிடித்துக்கொண்டு மடக்கிப் பார்த்தேன். கண்ணில் நீர் வந்ததே தவிர கால் வரவில்லை. ஸ்கேன் சென்டரிலிருந்து ஒருநாள் போன் வந்தது. வேறு ஒரு பெண்ணை எடுத்துவிட்டார்களாம், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து சைக்கிளின் செயின் கவரைக் கழற்றினேன். செயின் கறுப்பாக, பிசினாக இருந்தது. பொரித்த எண்ணெய் காய்ந்தால் கோந்து ஆகிவிடும், மெஷின் எண்ணெய்போல ஓடாது. அந்தக் கோந்தில் பாலத்து ஓரத்து மணல் முழுவதும் ஒட்டியிருந்தது. செயினில் ஒவ்வொரு கண்ணிக்கும் நடுவில் ஒரு சின்ன பின் உண்டு. எண்ணெய் அந்தப் பின்னுக்குத்தான், வெளியே தெரியும் தகட்டுக்கு இல்லை. உள்ளே எண்ணெய்க்குப் பதில் மணல் போனால், மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் பின்னை அராவும். செயின் நீண்டுபோவது இரும்பு இழுபடுவதால் இல்லை, இப்படித் தேய்வதால்தான். அந்தத் தேய்ந்த செயினை டைட் பண்ணிவிட்டால் அது இன்னும் சீக்கிரம் சாகும். கடைக்காரன் அதைத்தான் செய்திருந்தான். போதாக்குறைக்கு லாக்கையும் திருப்பிப் போட்டிருந்தான். லாக்கின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். திறந்த பக்கம் முன்னால் இருந்தால், கவரில் உரசி உரசி ஒருநாள் கழன்றுவிடும்.

செய்ய வேண்டியது எல்லாம் மிகச் சின்ன வேலை. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, காயவிட்டு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, பெடலைச் சும்மா சுற்றி, வெளியே வழிந்ததை மறுபடி துடைத்துவிட வேண்டும். ஆயுத பூஜைக்குத் தண்ணீர் விட்டுக் கழுவினால் அன்றைக்கே துடைக்க வேண்டும். விரலால் இழுத்தால் பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தை விட்டு விலகி வருகிற செயினை மாற்றிவிட வேண்டும். ஒரு டம்ளர் எண்ணெயை ஊற்றுவதைவிட இது கஷ்டம்தான். அறுந்த செயினை ஒரு பேப்பரில் வைத்து மாமியாரிடம் காட்டினேன். "கண்ணு பட்டா கல்லும் உடையும். எண்ணெய் என்ன பண்ணும்?" என்று சொல்லி அதைக் குப்பையில் போட்டார்.

தீட்டு கழிந்து சமயபுரம் போனோம். முடியிறக்கும் மண்டபத்தில் எல்லோரும் சம்மணம் போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் கால் மட்டும் நேராக நீட்டிக்கொண்டு அடுத்தவர் இடத்தில் கிடந்தது. "காலை மடக்கும்மா, இடம் பத்தல" என்றார் முடி எடுப்பவர். என் கணவர் உதவி செய்கிறேன் என்று முட்டியில் கை வைத்து அழுத்தினார். நான் கத்தினேன். "சாமி சன்னதியில கத்தாத" என்றார் மாமியார்.

"என்ன வேண்டுதல்?" என்று கேட்டுக்கொண்டே முடி எடுப்பவர் என் தலையில் தண்ணீர் தெளித்தார்.

"செயின் போயி திரும்பக் கெடச்சுச்சு. ஆத்தா குடுத்தா" என்றார் மாமியார்.

முடி மடியில் விழ விழ எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. மொட்டைத் தலைக்குச் சந்தனம் தடவிய பிறகு, மாமியார் அர்ச்சனைத் தட்டு வாங்கப் போனார். கணவர் செருப்பு விட்ட இடத்துக்குப் போனார். நான் நொண்டிக்கொண்டே எதிர்க்கடையில் ஒரு மஞ்சள் கயிறு வாங்கினேன். கழுத்து ஒரு கணமும் வெறுமையாக இருக்கக் கூடாது என்று கடைக்கார அம்மாளே முதலில் மஞ்சள் துண்டு வைத்துக் கயிற்றைக் கட்டிவிட்டு, பிறகு செயினிலிருந்து தாலியை உருவி அதில் கோத்துக் கொடுத்தார். காணிக்கையா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

சன்னதியில் மாமியார் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் உண்டியலில் கையை விட்டேன். கண்ணைத் திறந்ததும் வழக்கம்போல என் கழுத்தைத்தான் பார்த்தார்.

"எங்கடி செயின்?"

"உண்டியல்ல போட்டுட்டேன் அத்தை. ஆத்தா குடுத்தது ஆத்தாகிட்டயே இருக்கட்டும்."

அவர் வாய் திறந்தது. சுற்றிலும் கும்பிட வந்த பெண்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, "பெரிய மனசும்மா உனக்கு" என்றாள். சமயபுரத்தாளுக்குப் போட்டதைத் திரும்பக் கேட்டால் என்ன ஆகும் என்று மாமியாருக்கு நன்றாகத் தெரியும். மெதுவாக இரண்டு கையையும் தூக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் வாழ்நாளில் எந்தக் கோயிலிலும் நான் இப்படி ஒரு தரிசனம் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு டாக்டரிடம் போனோம். இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அவர் என்னைக் கேட்டார், என் கணவரைக் கேட்கவில்லை. முட்டி பாதிதான் மடங்குகிறது, இனி அவ்வளவுதான் என்றார். சைக்கிளை விற்றுவிட்டார்கள். நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறேன். பெரியவர்கள் எதிரில் காலை நீட்டி உட்காரக் கூடாது என்பார்கள். நான் தினமும் மாமியார் எதிரில், அவர் முகத்துக்கு நேராகக் காலை நீட்டித்தான் உட்காருகிறேன். மடக்க முடியாது. முடிந்தாலும் மடக்க மாட்டேன்.