போர்த்தேங்காயும் வால்டர் அங்கிளும்

பலகைச் சுவரில் மனித உடல் மோதினால் கதவு சாத்துவது போலக் கேட்காது. மந்தமான ஒரு சத்தம் வரும், பிறகு அலுமாரிக்குள் கோப்பைகள் நடுங்கும். எழுபதுகளில் மெல்பேர்ணின் கிளேட்டனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரு கார் போகும் இடைவெளிதான் என்பதால், பின்னேரங்களில் அந்தச் சத்தம் எங்கள் "குசினி" அடுப்படி வரைக்கும் கேட்கும். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்ய வந்த அப்பா பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு, "அது அவையின்ர குடும்ப விசயம்" என்பார்.

"ஒரு நாளைக்கு அந்த மனிசியைக் கொண்டுபோடுவான். அப்பவும் இதையே சொல்லுங்கோ" என்பார் அம்மா.

அந்த மனிசி டோரீன் அன்ரி. அடிக்கிறவர் அவருடைய கணவர் வால்டர் அங்கிள், அமெரிக்கர், கையில் பந்தோடு ஓடி மோதுகிற தங்கள் நாட்டுக் கால்பந்தைச் சம்பளத்துக்கு ஆடிய முதல் தலைமுறைக்காரர். நிலக்கரிச் சுரங்க ஊரொன்றின் அணியில் அவர் "குவாட்டர்பேக்". எந்தப் பக்கம் ஓடுவது, எப்போது எறிவது என்று கட்டளையிடுவதும் அவர்தான், பந்து கையில் இருந்தால் எதிரணி மேலே விழுந்து நசுக்குவதும் அவரைத்தான். தலைக்கு ஒரு தோல் தொப்பி மட்டுமே. நினைவு தப்பி விழுந்தால் மூக்கில் அமோனியாவைக் காட்டி மறுபடி உள்ளே தள்ளிவிடுவார்களாம். விலா முறிந்தபடி ஆடியதையும், எதிராளியின் தாடையை முழங்கையால் பெயர்த்ததையும் அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். இதை யாராவது வீரம் என்று சொன்னால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

அணி கலைந்தபின் இரண்டாம் உலகப்போர் வந்தது. படையோடு மெல்பேர்ண் வந்தவர் டோரீன் அன்ரியைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். நான் அறிந்த காலத்தில் எழுபதை நெருங்கியிருந்தார். நல்ல நாட்களில் எங்கள் முற்றத்துப் புல்லையும் சேர்த்து வெட்டித் தருவார். கெட்ட நாட்களில் புத்தி பழைய மைதானத்துக்குப் போய்விடும்; டோரீன் அன்ரியை எதிரணி என்று நினைத்து மோதுவார்.

ஒரு வருடம் சித்திரைப் புதுவருடத்துக்கு அப்பாவுக்குப் போர்த்தேங்காய் அடிக்கிற ஆசை வந்துவிட்டது. யாழ்ப்பாணத்து ஆண்களின் ஆட்டம் அது: ஒருவர் தன் தேங்காயை நிலத்தில் வைக்க, மற்றவர் தன்னுடையதால் ஓங்கி அடிப்பார், உடைந்தது தோற்றது. அப்பா சந்தை முழுக்கத் தட்டித் தட்டிப் பார்த்து, ஓடு தடித்தவற்றை வாங்கிவந்தார். தமிழ் மாணவர்கள் சிலரையும் அடுத்த வீட்டாரையும் அழைத்தார். "நாள் பெருநாளில அயலட்டையைக் கூப்பிடாமல் விடுறதே?"

"கூப்பிடுங்கோ, கூப்பிடுங்கோ. சண்டியனுக்கு மாலையும் போட்டு விடுங்கோ" என்றார் அம்மா.

வால்டர் அங்கிள் "கதிரை"யில் அமைதியாக இருந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு மாணவர் ஓங்கி அடித்தார். அடி பிசகி, நிலத்தில் இருந்த தேங்காய் உடையாமல் புல்லில் உருண்டது. எங்களுக்கு அது தேங்காய். அவருக்கு அது கைநழுவிய பந்து. பாய்ந்து அதன்மேல் நெஞ்சு அடிபட விழுந்து, கமக்கட்டுக்குள் இறுக்கிக்கொண்டு எழும்பினார். கிழவர் பகிடி விடுகிறார் என்று நினைத்து நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்; அப்பாவோ சிரித்தபடி கைகளை விரித்து வழியை மறித்தார். வால்டர் அங்கிளின் தோள் அப்பாவின் நெஞ்சில் இறங்கியது. விலா முறிந்தது எனக்குக் கேட்டது. பிடிக்கப்போன மாணவரின் முன்பல் முழங்கை இடியோடு போனது. "வால்டர், ஆட்டம் முடிந்துவிட்டது" என்று ஆங்கிலத்தில் கெஞ்சியபடி டோரீன் அன்ரி முன்னால் ஓட, தேங்காய் பிடித்த கையாலேயே வால்டர் அங்கிள் அவருடைய முகத்தில் ஓங்கி அடித்தார். அன்ரி சீமெந்தில் சரிந்தார், வாயெல்லாம் இரத்தம்.

அத்தனை ஆம்பிளைகளும் மரமாக நின்றார்கள். அம்மாதான் எண்ணெய் சொட்டச் சொட்டக் வடைக் கரண்டியோடு ஓடிவந்து வால்டர் அங்கிளின் மணிக்கட்டில் ஒரு போடு போட்டார். தேங்காய் விழுந்தது. வால்டர் அங்கிள் விழித்துக்கொண்டவர் போலக் கீழே பார்த்து, "என் மனைவியை அடித்தது யார்?" என்று கேட்டார்.

டோரீன் அன்ரி என் கட்டிலில் ஒரு கிழமை படுத்திருந்தார். நெஞ்சில் கட்டுப் போட்ட அப்பா, அன்ரி பட்ட அடியைச் சொல்லப் பொலிசுக்குப் போனார். அது குடும்ப விசயம் என்று சொல்லி அவர்கள் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். வேலியருகே நின்று ஒவ்வொரு காலையும் கூப்பிட்ட கணவரைப் பார்த்து, அவருக்கு முட்டைகூட அவிக்கத் தெரியாது என்று அழுதார் அன்ரி. அம்மா "கேற்"றடியில் கையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை, போய்விட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு பின்னேரம் சுவர் ஒருமுறை அதிர்ந்தது. அம்மா அடுப்பை அணைக்காமலே ஓடினார். டோரீன் அன்ரிக்கு மூச்சு இருக்கவில்லை.

இப்போது அந்த இரண்டு வீடுகளும் இல்லை. மாணவர்களுக்கான மாடிக் கட்டடம் எழும்பியிருக்கிறது. தேங்காய் துருவலாகப் பையில் கிடைக்கிறது. போர்த்தேங்காயைப் பற்றிச் சொன்னால் என் பிள்ளைகள் ஆங்கிலத்தில் சிரிக்கிறார்கள். வால்டர் அங்கிள் ஒரு மனநோய் மருத்துவமனையில் அதற்குப் பிறகும் பல வருடங்கள் இருந்து, காண்கிறவர்களிடமெல்லாம் டோரீன் எங்கே என்று கேட்டாராம். நீதான் அவளைக் கொன்றாய் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருகிறேன் என்று அம்மா ஒருமுறை கோபத்தோடு போனார். கடைக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவந்தார். ஏனம்மா என்று கத்தினேன்.

"சொன்னாலும் நாளைக்கு மறந்துபோய்த் திரும்பக் கேட்பான். அந்த மனிசி ஒவ்வொரு நாளும் புதுசாய்ச் சாகவேணும், பிள்ளை."

அம்மாவும் போய்விட்டார். எனக்கு அந்த மனம் இன்னும் வரவில்லை. நானாயிருந்தால் சொல்லியிருப்பேன், ஒவ்வொரு நாளும் போய்ச் சொல்லியிருப்பேன்.