நடுத்தூணின் கண்ணாடி

“பார்வையில் காணும் தங்கள் கடிதத்தின் பேரில், மேற்படி பாலத்தின் வழியே பேருந்து, லாரி முதலிய கனரக வாகனங்கள் செல்வது மறு உத்தரவு வரும் வரை நிறுத்தி வைக்கப்படுகிறது.”

கடிதத்தின் தேதி 11.4.1996. தட்டச்சு செய்த ஒரே பக்கம், கீழே பச்சை மையில் கையெழுத்து. ‘பார்வை’ என்ற இடத்தில் என் பெயரும் 1.4.1996 என்ற தேதியும் இருக்கின்றன. நகல் ஊராட்சிக்கும் பேருந்துப் பணிமனைக்கும் போனது. ஊராட்சிக்குப் போன நகலை யாரோ பாலத்தடி டீக்கடைப் பலகையில் ஒட்டிவைத்தார்கள். ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த எல்லோரும் அதை ஒருமுறையாவது படித்தார்கள். மூலக் கடிதம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது.

அந்த ஊர் என் மனைவியின் ஊர். கோயமுத்தூருக்குக் கிழக்கே, ஒரு பள்ளத்துக்கு அக்கரையில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பள்ளம் என்றால் மழைக்கு ஓடி வெயிலுக்குக் காய்கிற ஓடை. நான் கணபதியில் ஒரு பட்டறையில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். மணமான பிறகு மனைவி ஊரிலேயே வீடு கட்டிக்கொண்டு, காலை 6.40 பேருந்தில் வேலைக்குப் போய்வந்தேன். குழந்தைகள் இல்லை. 1993 புரட்டாசியில் மனைவி இறந்துபோனாள். சொந்த ஊரில் எனக்கு யாரும் மிச்சமில்லாததால் அங்கேயே இருந்துவிட்டேன். ஊரில் பெரியவர்கள் என்னை மாப்பிள்ளை என்பார்கள், சின்னவர்கள் மாமா என்பார்கள். அவள் போன பிறகும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நான் அந்த ஊர்க்காரன் என்பதற்கு அதைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

பாலம் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. மூன்று வளைவுகள், இரண்டு தூண்கள். பள்ளத்தின் மேட்டில் ஊருக்கு அருகே இருக்கும் தூணை ஊரார் நடுத்தூண் என்றே சொல்வார்கள். ஏன் என்று கேட்டு எனக்குச் சரியான பதில் கிடைத்ததில்லை. கட்டிய ஆண்டு கைப்பிடிச் சுவரில் ஒரு கல்லில் வெட்டியிருந்தது, கடைசி எண் மட்டும் தேய்ந்துபோயிருந்தது. நடுத்தூணில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். அதைப் பற்றி ஊர் சார்பில் ஐந்து மனுக்கள் எழுதியிருக்கிறேன், முதல் மனு 1989இல். சாலை ஒரு அலுவலகத்தின் பதிவேட்டில் இருந்தது, பாலம் இன்னொரு அலுவலகத்தின் பதிவேட்டில் இருந்தது. முதல் அலுவலகம் பாலத்துக்குச் செலவு செய்ய முடியாது என்றது. இரண்டாவது அலுவலகம், மதிப்பீடு மேலிடத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது, நிதி ஒதுக்கீடு பெறப்பட்டவுடன் பணி எடுத்துக்கொள்ளப்படும் என்றது. மூன்று பதில்களில் இதே வாக்கியம் இருக்கிறது. ஒன்றில் மட்டும் ‘பெறப்பட்டவுடன்’ என்பது ‘பெறப்பட்டால்’ என்று மாறியிருக்கிறது.

1994 நவம்பரில் பள்ளத்தில் தண்ணீர் நிறைய வந்தது. வடிந்த பிறகு ஒரு இளம் பொறியாளர் ஜீப்பில் வந்தார். விரிசலின் குறுக்கே, நெஞ்சு உயரத்தில், ஒரு சாண் நீளக் கண்ணாடித் துண்டை வைத்து இரு முனையிலும் சிமெண்ட் பூசினார். விரிசல் அகன்றால் கண்ணாடி உடையும், உடையாதவரை தூண் அசையவில்லை என்று விளக்கினார். பிறகு டீக்கடைக்கு வந்து, “இத தினமும் பாத்துக்க எங்கிட்ட ஆள் இல்ல. ஊர்ல யாராவது பாப்பீங்களா?” என்று கேட்டார்.

என் மனைவியின் அண்ணன், என் மச்சான், அங்கே உட்கார்ந்திருந்தார். “எங்க மாப்ள இருக்கறாருங்க. கொசு கடிச்சாக்கூட தேதி போட்டு எழுதி வெப்பாரு” என்றார்.

டீக்கடைக்காரர் பாய்லரைத் தட்டிக்கொண்டே, “ஆண் கொசுவா பொண் கொசுவான்னு வரைக்கும் எழுதிப்போடுவாருங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பொறியாளர் என் பக்கம் திரும்பி, “உடஞ்சா அன்னைக்கே எழுதுங்க சார். ஒரு நாள் கூட தள்ளாதீங்க” என்றார்.

அன்று முதல் தினமும் பேருந்துக்குக் கால் மணி முன்னதாகப் பள்ளத்தில் இறங்கினேன். கண்ணாடியைப் பார்த்து, டைரியில் தேதியும் ‘முழுசு’ என்ற சொல்லும் எழுதினேன். மேலே ஏறிவந்தால் பேருந்துக்குக் காத்திருப்பவர்களில் யாராவது கேட்பார்கள்: “ஏனுங்க மாப்ள, கண்ணாடி சொகமா?” பால் ஊற்றப் போகும் பெண்கள் கேட்பார்கள், பேருந்து நடத்துநர்கூடக் கேட்பார். வீட்டில் பேச ஆள் இல்லாத எனக்கு, நாளில் முதல் பேச்சு அதுதான். சில ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசிப் பேச்சும் அதுவாக இருந்தது. பதினாறு மாதங்கள் இப்படி நடந்தது. டைரிகளில் ‘முழுசு’ என்ற சொல் ஒரு நாளும் விடுபடவில்லை, நான் வெளியூர் போன ஏழு நாட்கள் தவிர.

அந்த ஏழில் ஒன்று 31.3.1996, ஞாயிறு.

பங்குனியில் ஊர் மாரியம்மனுக்கு நோன்பு சாட்டுவார்கள், திருவிழா தொடங்கும். கோயில் முன்னால் கம்பம் நட்டு, முடிவில் தீர்த்தக்குடம் எடுத்துவருவார்கள். தீர்த்தம் அக்கரைக் கிணற்றிலிருந்து பாலத்தின் மேல் வரவேண்டும் என்பதால் அதற்கு முன்பு பாலத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது ஊர் வழக்கம். பழைய சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு ஒரு பூச்சு. ஒரு நாள் விட்டு, தீர்த்தத்தன்று காலையில் இன்னொரு பூச்சு. எட்டுகிற வரைக்கும் தூண்களுக்கும் உண்டு. எந்த அலுவலகமும் தொடாத பாலத்துக்கு ஆண்டுதோறும் நடந்த ஒரே பராமரிப்பு இதுதான். 1995இல் கண்ணாடி மேல் செய்தித்தாளை ஒட்டிவைத்து, ஆட்கள் தூணைத் தாண்டும்வரை நானே பக்கத்தில் நின்றேன். 1996இல் அந்த ஞாயிறு, உடன் வேலை செய்பவர் வீட்டுத் திருமணத்துக்கு உடுமலைப்பேட்டை போய்விட்டேன். தாள் ஒட்ட மறந்துபோனேன்.

மறுநாள் திங்கட்கிழமை காலை இறங்கிப் பார்த்தபோது தூண் வெள்ளையாக இருந்தது, கண்ணாடியும் வெள்ளையாக இருந்தது. அதன் நடுவில் ஒரு கோடு. கைக்குட்டையால் துடைத்தேன். கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது. நடுவில் ஒரு சில்லு விழுந்து, நெல்மணி நுழையும் அளவுக்கு இடைவெளி. மேலே பேருந்து ஹாரன் அடித்தது. ஏறி ஓடினேன். பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் கடிதம் எழுதி அன்றே தபாலில் சேர்த்தேன். ‘விரிசலின் குறுக்கே பொருத்தப்பட்ட கண்ணாடி இன்று காலை உடைந்த நிலையில் காணப்பட்டது.’ அவ்வளவுதான் எழுதினேன். சுண்ணாம்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. அது அப்போது மனதில் தோன்றவே இல்லை. ஐந்து மனுவுக்கும் அசையாதவர்கள் இதற்காவது அசைவார்கள், நிதி வரும் என்றுதான் நினைத்தேன்.

அசைந்தார்கள். பத்தே நாளில் உத்தரவு வந்தது. பாலத்தின் இரு முனையிலும் இரும்புத் தண்டவாளங்களை நட்டார்கள். கார் நுழையும், பேருந்து நுழையாது. பாலத்தை அடைப்பதற்கு நிதி ஒதுக்கீடு தேவைப்படவில்லை. தேர்தல் நேரம் என்பதால் புதிய வேலை எதையும் இப்போது அறிவிக்க முடியாது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். பேருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, மெயின் ரோட்டுப் பிரிவிலேயே திரும்பியது. தேங்காய் லாரியும் அங்கேயே நின்றது. வெயிலில் பிள்ளைகள் நடந்தார்கள், பால் கேன்கள் சைக்கிளில் போயின. டீக்கடை பாதி நாள் மூடிக் கிடந்தது.

தண்டவாளம் நட்ட இரண்டாம் நாள் மாலை மச்சான் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

“கண்ணாடி ஒடஞ்சுதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லீருக்கலாமுங்கல்ல மாப்ள?”

“அன்னைக்கே எழுதச் சொன்னாருங்க மச்சான்.”

“ஞாயித்துக்கெழம சுண்ணாம்புக்கு ஆளு உட்டது நானுங்க. தூணப் பூராச் சொரண்டிப்போட்டுத்தான் அடிச்சானுவ. சொரண்டையில பட்டு ஒடஞ்சிருக்கும்.”

“நீங்க பாத்தீங்களா?”

“நான் கோயில்ல இருந்தேன். அவனுவளக் கேட்டா ஆளுக்கொண்ணு சொல்றானுவ. அத உடுங்க. சொரண்டையில ஒடஞ்சுதுன்னு ஒரு வரி எழுதுங்க. நீங்க எழுதித்தான பஸ்ஸு நின்னுச்சு, நீங்க எழுதுனா வந்துரும்.”

டார்ச்சை எடுத்துக்கொண்டு அவரையும் கூட்டிப்போனேன். எனக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. சுரண்டும்போது உடைந்திருந்தால் உடைந்த விளிம்பில் இரண்டு பூச்சும் ஏறியிருக்கும். முதல் பூச்சுக்குப் பிறகு தூண் அசைந்து உடைந்திருந்தால், விளிம்பில் இரண்டாம் பூச்சு மட்டுமே இருக்கும். திங்கட்கிழமை காலையே விளிம்பைப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும்: வெள்ளையாக இருந்தால் சுரண்டியால் உடைந்தது, வெறுமையாக இருந்தால் பாலம் அசைந்து உடைந்தது. நான் முகப்பைத் துடைத்தேன், விளிம்பைப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமையே தீர்த்தத்துக்காக இரண்டாம் பூச்சு அடித்துவிட்டார்கள். இப்போது எல்லாமே ஒரே வெள்ளை.

“இது தெரியாதுங்க மச்சான். தெரியாதத எப்படி எழுதறது?”

“நாளைக்கு உங்களுக்கு ஒடம்புக்கு ஒண்ணுன்னா ஊருக்குள்ள பஸ்ஸு வரோணுமுங்க. அத நெனச்சீங்களா?” என்றார். பிறகு, “எந்தங்கச்சி இருந்திருந்தா உங்களக் கேட்டிருப்பா” என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார்.

அந்த வாரம் இரண்டாவது கடிதம் எழுதினேன். சுண்ணாம்பு அடிக்கும்போது கண்ணாடி உடைந்திருக்கக்கூடும், நான் நேரில் பார்க்கவில்லை, சரிபார்க்க இயலவில்லை, புதிய கண்ணாடி பொருத்தி மீண்டும் சோதிக்க வேண்டும் என்று. அதற்குப் பதில் வரவில்லை. நேரில் போனபோது அந்தப் பொறியாளர் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் கோப்பைப் புரட்டினார். “சுண்ணாம்பு அடிக்கறப்ப உடைஞ்சிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னு எழுதியிருக்கீங்க. இத வச்சு நான் பஸ்ஸ விட்டு, பாலம் விழுந்தா யார் சார் பதில் சொல்றது?” என்றார். அவர் கேட்டதிலும் தவறில்லை.

இரண்டாம் கடிதத்தில் நான் என்ன எழுதினேன் என்பதும் ஊருக்குத் தெரிந்துபோயிற்று. யாரும் சண்டைக்கு வரவில்லை. ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. மரியாதை கூடியது. டீக்கடைக்குப் போனால் பெஞ்சில் இருப்பவர்கள் நகர்ந்து எனக்கென்று ஒரு பக்கம் முழுவதையும் விட்டார்கள். “வாங்க சார், உக்காருங்க சார்.” பால் ஊற்றும் பெண் வாசலிலேயே பாத்திரத்தை வாங்கி ஊற்றிவிட்டு, “வாரேனுங்க சார்” என்று போனாள். முன்பு அவள் ‘மாமா’ என்று கூப்பிட்டு, முருங்கைக்காய் இருக்கிறதா என்று கொல்லைவரை வந்து பார்ப்பாள்.

நான் தினமும் பள்ளத்தில் இறங்குவதை நிறுத்தவில்லை. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்தக் கால் மணி நேரத்தை வேறு எதில் செலவழிப்பது என்று தெரியவில்லை. டைரியில் தேதி மட்டும் எழுதினேன். மேலே ஏறிவந்தால் கேட்க ஒருவரும் இல்லை. எல்லோரும் பிரிவுக்கு நடக்கத் தொடங்கியிருப்பார்கள். கூட்டமாக முன்னால் போவார்கள், நான் பின்னால் போவேன். வேகமாக நடந்தால் சேர்ந்துகொள்ள முடியும். ஒருமுறை முயன்றேன். பேச்சு நின்றது. பிறகு முயலவில்லை.

புரட்டாசியில் மனைவிக்கு மூன்றாம் ஆண்டுப் படையல் வந்தது. முந்தைய இரண்டு ஆண்டும் மச்சான்தான் இலை, வாழைப்பழம், கருப்பட்டி எல்லாம் வாங்கிவந்து, முன்னால் நின்று செய்தார். அந்த ஆண்டு சாமான்கள் காலையில் திண்டுக்கல் பூட்டுப் போட்ட வாசல் கதவருகே ஒரு பையில் இருந்தன. நான் பள்ளத்தில் இருந்த நேரம் பார்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒன்றும் குறையவில்லை. கற்பூரம்கூட இருந்தது. நான் ஒருவனாகப் படைத்து, இரண்டு இலைச் சாப்பாட்டில் ஒன்றைச் சாப்பிட்டேன்.

1997 தையில் வீட்டைப் பூட்டிவிட்டு கணபதியில் ஒரு அறை பார்த்துக்கொண்டேன். வேலைக்குப் பக்கம் என்று காரணம் சொன்னேன். யாரும் காரணம் கேட்கவில்லை.

புதிய பாலத்துக்கு நிதி வந்தது 1998இல் என்று பட்டறைக்கு வந்த ஒருவர் சொல்லித் தெரிந்தது. 1999 ஆகஸ்டில் வீட்டைப் பார்க்கப் போனேன். பேருந்து நேராக ஊருக்குள் போயிற்று. கான்கிரீட் பாலம், அகலமானது, கைப்பிடியில் மஞ்சளும் கறுப்பும் அடித்திருந்தார்கள். பழைய பாலத்தை உடைத்து, கற்களைக் கரை சரியாமல் அடுக்கியிருந்தார்கள். ஆண்டு வெட்டிய கல்லைத் தேடினேன், கிடைக்கவில்லை.

டீக்கடைக்காரர் டீயை வைத்துவிட்டு உள்ளே போனார். செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தார்.

“ஒடைக்கையில உங்க மச்சான் கூடவே நின்னு, இத மட்டும் உளி வெச்சுப் பேத்து எடுத்தாருங்க. ‘மாப்ள வந்தாக் குடு’ன்னு வெச்சுட்டுப் போனாரு. வருசமாச்சு.”

“அவர் வீட்ல இருக்காருங்களா?”

“ஆசுபத்திரிக்குப் போயிருக்கறாருங்க, கோயமுத்தூருக்கு. சக்கர வியாதிங்க. பஸ்ஸு வாரதுனால தோதாப் போச்சு.” பிறகு என் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, “இன்னொரு டீ போடட்டுங்களா சார்?” என்றார்.

“தூண் உடையறப்ப எப்படி இருந்துச்சு?”

“மூணு நாளு சம்மட்டி போட்டும் அசையலீன்னு சொல்றாங்க. மொத அடியிலயே மண்ணாக் கொட்டுச்சுன்னும் சொல்றாங்க. நான் கடைய உட்டுட்டுப் போய்ப் பாக்கலீங்க.”

பொட்டலத்தில் இருந்தது சிமெண்ட் ஒட்டிய அரைக் கண்ணாடி. கணபதி அறையில், ஜன்னல் வெளிச்சத்தில், பூதக்கண்ணாடியால் அதன் விளிம்பைப் பார்த்தேன். சுண்ணாம்பு இருக்கிறது. ஒரு இடத்தில் இரண்டு படலம் போலத் தெரிகிறது. ஒரு விரல் தள்ளி ஒன்றுதான் இருக்கிறது. ஒரு நாள் இடைவெளியில் அடித்த பூச்சுகள் ஒன்றாகக் கலந்திருக்கலாம். உளியில் பட்டு ஒரு பக்கம் உதிர்ந்துமிருக்கலாம். மச்சானுக்கு ஒரு கடிதம் எழுதி, துண்டு கிடைத்தது என்று மட்டும் சொன்னேன். மாப்பிள்ளை என்று கையெழுத்திட்டேன்.

அன்றைய டைரிக் குறிப்பு இப்படி இருக்கிறது: ‘நடுத்தூண் கண்ணாடி உடைந்தது 31.3.1996 பகலில் சுரண்டியாலா, அன்று மாலைக்கும் மறுநாள் காலைக்கும் இடையில் தூண் அசைந்ததாலா என்பது சரிபார்க்கப்படவில்லை.’