கொம்பு வளையம்

மிச்சம் என்ற வெளிநாட்டு ஊரில் நான் வேலை செய்யும் கடையின் கொரிய முதலாளி வில்வித்தைக்காரர். நாணை இழுக்கப் பெருவிரலில் அணியும் கொம்பு வளையத்தை எனக்கும் போட்டுப் பார்த்தார். மூட்டைத் தாண்டவில்லை. உள்பக்கத்தை அரத்தால் அராவினார். மயிர் கருகும் நாற்றம் எழுந்தது.

வன்னியில் ஷெல் நெருங்கிய காலையில் அப்பா எங்கள் எருமையின் கொம்பை மரம் அரியும் வாளால் அறுத்தபோதும் இதே நாற்றம்தான்.

"சனமெல்லாம் வெளிக்கிட்டிட்டுது. உங்களுக்கு இப்பதான் எருமைக்கு அலங்காரமோ?" என்றார் அம்மா.

"கொஞ்சம் பொறும். ரெண்டு கொம்பும் வளைஞ்சு கண்ணுக்குள்ளை வளருது. நாங்கள் போனாப்பிறகு ஆர் வெட்டுறது?"

அடுத்த ஷெல் பக்கத்து வளவில் விழுந்தது. ஒரு கொம்புதான் முடிந்திருந்தது. அப்பா கயிற்றை அவிழ்த்துவிட்டார். நடந்தோம்.

பிறகு பல நாடுகளில் இருந்துவிட்டேன். மற்றக் கொம்பைப் பற்றி அப்பா பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை.